அபராதம் கட்டினால் குற்றவாளியா? சிறு குற்றங்கள் குறித்துச் சட்டம் கூறுவது என்ன?

தலைக்கவசம் அணியாதவரும் கொலை செய்தவரும் ஒரே தராசில் நிறுத்தப்படுவதில்லை. ஆயினும், இருவரின் செயலையும் இந்தியச் சட்டம் 'குற்றம்' என்ற ஒரே சொல்லால்தான் குறிப்பிடுகிறது. நடைமுறையில் உள்ள ஏதேனும் ஒரு சட்டப்படி தண்டனைக்குரிய எந்தச் செயலும், செய்யத் தவறுதலும் குற்றமே என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா தரும் விளக்கம். எனவே வேறுபாடு பெயரில் இல்லை, நடைமுறையில்தான் இருக்கிறது.

கொலை, கொள்ளை போன்றவற்றில் பிடியாணை இன்றிக் காவல்துறை கைது செய்யலாம். பிடியாணை தேவைப்படும் குற்றங்களில், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிப் புலன் விசாரணையைத் தொடங்கவே இயலாது. நியாய சன்ஹிதா அல்லாத பிற சட்டங்களில், அபராதம் மட்டுமோ மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்த சிறையோ விதிக்கத்தக்க குற்றங்கள், வேறு விதி இல்லாதபோது இரண்டாம் வகையில் சேரும். அவற்றில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும்.

ரூ.5,000-க்கு மிகாத அபராதம் மட்டுமே விதிக்கத்தக்கவை 'சிறு குற்றங்கள்'. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த வரம்பு ரூ.1,000 ஆக இருந்தது. இவ்வழக்குகளில் அழைப்பாணையில் குறிப்பிட்ட தொகையை அஞ்சலில் அனுப்பி, நேரில் வராமலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்துவது, தொகை எவ்வளவு சிறியதானாலும், குற்றத்தீர்ப்பாகும். போக்குவரத்து அதிகாரியிடம் இணக்கக் கட்டணம் செலுத்துவது அவ்வாறன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவின்படி அதன்பின் மேல் நடவடிக்கை கிடையாது. வேலைக்கான விண்ணப்பத்தில் 'எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டுள்ளீரா' என்ற கேள்விக்கு விடை எழுதும்போது இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது.

எல்லா விதிமீறல்களையும் இணக்கக் கட்டணத்தால் முடித்துவிடவும் இயலாது. தலைக்கவசம் அணியாததற்கு (ரூ.1,000 அபராதம்) அந்த வழி உண்டு. சிவப்பு விளக்கை மீறியது 184-வது பிரிவின் கீழ் ஆபத்தான ஓட்டுதலாகப் பதிவானால் அவ்வழி இல்லை. முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சில மீறல்களைக் குற்றம் என்ற நிலையிலிருந்தே விலக்கும் முயற்சியும் நடைபெற்றுள்ளது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்திய சட்டங்களில் 183 விதிகளைத் திருத்தியது. பல இடங்களில் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்குப் பதிலாக, நிர்வாக அதிகாரி விசாரித்து விதிக்கும் பணத் தண்டம் கொண்டுவரப்பட்டது. இவ்வாறு தண்டம் செலுத்துபவர் மீது குற்றத்தீர்ப்பு ஏதுமில்லை. அதே சட்டப்படி, இத்தொகைகளின் குறைந்தபட்ச அளவு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயரும்.