கலத்தின் பிறப்பும் இறப்பும்

மனித உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆயது. தோலிலும் குடலிலும் குருதியிலும் உள்ள கலங்கள் நாள்தோறும் மடிகின்றன. புதிய கலங்கள் தோன்றி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை உடம்பு தன் அளவில் நிற்கும். வரவு மிகுந்து செலவு குறைந்தால் கட்டி தோன்றும். அக்கட்டி எல்லை கடந்து பிற உறுப்புகளிலும் பரவுமாயின் அதுவே புற்றுநோய். இந்த வரவு செலவை நடத்துவது எது என்னும் வினாவுக்கு விடை காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

1909ஆம் ஆண்டிலே, நியூ யோர்க் நகரிலுள்ள றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கமக்காரர் ஒருவர் தம் பேட்டுக்கோழியைக் கொண்டுவந்தார். அதன் மார்பிலே பெரிய கட்டி ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய பெய்ற்றன் றௌஸ் என்னும் மருத்துவர் அக்கட்டியை அரைத்து, கலங்களும் பற்றீரியாக்களும் புகமுடியாத நுண்ணிய வடிகட்டியினூடாக வடித்தார். வடிந்த நீரை நலமுள்ள கோழிகளுக்கு ஊசிமூலம் ஏற்றியபோது அவற்றிலும் அதே கட்டி வளர்ந்தது. கலத்தினும் மிகச் சிறிய ஏதோ ஒன்று நோயை விளைத்தது என்பதை அவர் 1911இல் வெளியிட்டார். அது ஒரு வைரசு எனப் பின்னர் உறுதியாயிற்று.

அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கோழிக்கு வருவது வேறு, மனிதருக்கு வருவது வேறு என்றனர். றௌசும் சில ஆண்டுகளில் அவ்வாராய்ச்சியை விட்டு வேறு துறையிற் புகுந்தார். 1966இல், அவருடைய 87ஆவது வயதிலே, நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. எனினும், பரம்பரையலகுகளில் நேரும் மாற்றமே புற்றுநோய்க்குக் காரணம் என்னும் கருத்தை அந்நாளிலும் அவர் ஏற்க மறுத்தார். பரம்பரையலகு என்பது மரபணு எனவும் வழங்கப்படும். கலத்தின் கருவிலே நிறமூர்த்தங்களில் அமைந்து, கலம் செய்யவேண்டிய தொழிலைக் குறித்துவைத்திருக்கும் ஏடு போன்றது. றௌஸ் மறுத்த அக்கருத்துக்கு அவர் கண்டெடுத்த வைரசே சான்று பகர்ந்தமை வரலாற்றின் விந்தையாகும்.

அந்த வைரசிலுள்ள ஒரேயொரு பரம்பரையலகே கட்டியை உண்டாக்குகிறது என்பது 1970ஐ அடுத்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. வைரசு தன் இனத்தைப் பெருக்குவதற்கு அவ்வலகு வேண்டுவதில்லை. வேண்டாத பொருள் அங்கே வந்தது எவ்வாறு? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மைக்கல் பிஷப், ஹரோல்ட் வார்மஸ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இவ்வினாவை ஆராய்ந்து 1976இல் விடையை வெளியிட்டனர். நோயே அணுகாத கோழியின் கலங்களிலும் அவ்வலகை ஒத்த அலகு இருந்தது. காடை, வாத்து, வான்கோழி, ஈமு ஆகியவற்றிலும் இருந்தது. பின்னர் மனிதரிலும் காணப்பட்டது. எப்போதோ கோழியின் கலத்திற் புகுந்த வைரசு அங்கிருந்து அதனைக் கவர்ந்து சென்றிருக்கிறது. கள்வன் கையில் இருந்தது வீட்டுப் பொருளே! பிஷப்பும் வார்மஸும் 1989இல் நோபெல் பரிசு பெற்றனர். உரிய வேளையிலே கலத்தைப் பிரியுமாறு தூண்டுவது இத்தகைய அலகுகளின் இயல்பான தொழில். அவை பழுதுற்று ஓயாது தூண்டும்போது கலமும் ஓயாது பிரிகிறது.

தூண்டும் அலகுகள் இருப்பதுபோலத் தடுக்கும் அலகுகளும் உண்டு. 1971இல் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில் அல்பிரட் நட்சன், குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோயை, 48 நோயாளரின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். சிலருக்கு இரு கண்களிலும் மிக இளமையிலேயே நோய் கண்டது. வேறு சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் சற்றுப் பிந்தி வந்தது. நோய் தோன்ற இரு மாற்றங்கள் வேண்டும். முந்தியவர்கள் அவற்றுள் ஒன்றோடு பிறந்தவர்கள் என அவர் கணித்தார். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாகக் கிடைத்த தடுப்பலகுகள் இரண்டும் கெடுவதே அம்மாற்றங்கள் எனப் பின்வந்தோர் காட்டினர். 1986இல் அவ்வலகு பிரித்தெடுக்கப்பட்டது.

பெருக்கம் மிகுதல் ஒரு பாதி. இறப்புக் குறைதல் மறு பாதி. 1972இல் ஜோன் கெர், அன்ட்ரூ வைலி, அலஸ்தெயர் கறி ஆகிய மூவர், கலங்கள் ஒழுங்குமுறையாகத் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதை விளக்கி, இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதற்குப் பெயராக இட்டனர். பழுத்த இலை மரத்துக்கு ஊறின்றி உதிர்வதுபோல வேண்டாத கலமும் உடம்பினின்று உதிர்கிறது. ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் மிகுந்து காணப்படும் பி.சி.எல். 2 என்னும் அலகு, கலத்தைப் பிரியத் தூண்டாமல், சாகாமற் காக்கிறது என 1988இல் மெல்பேண் நகர ஆராய்ச்சியாளர் கண்டனர். பி53 என்னும் அலகோ இதற்கு மாறானது. அது பழுதுற்ற கலத்தின் பிரிவை நிறுத்துகிறது. பழுது தீராதாயின் கலத்தை மடியச் செய்கிறது. மனிதரின் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இவ்வலகு கெட்டிருக்கிறது.

இவ்வறிவு நூல்களோடு நின்றுவிடவில்லை. ஓயாது தூண்டும் புரதத்தை அடக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து 2001இலும், பி.சி.எல். 2இன் காவலைக் குலைக்கும் வெனற்றோகிளாக்ஸ் என்னும் மருந்து 2016இலும் குருதிப் புற்றுநோயாளருக்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன.

புற்றுநோய் தெய்வக் குற்றமன்று; நோயாளியைத் தொடுவதாற் பற்றுவதுமன்று. சில குடும்பங்களிற் பழுதுற்ற அலகு வழிவழி வருவதுண்டு. பெரும்பாலான பழுதுகளோ வாழ்நாளில் நேர்பவை. புகையிலையும் பாக்கும் அவற்றை விளைப்பவை. அவற்றை விலக்குதல் எவர்க்கும் இயலும். நோயுற்றவரை ஒதுக்காது, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது சுற்றத்தார் கடன்.