முத்தும் மூச்சும்

பூவிருந்தவல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் நின்று நோக்கினால் கடல் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும், ஊர்க்கிணற்றில் மூழ்கி அடிமண்ணை அள்ளி வந்த சிறுவன் எவனும் கடலடிக்குச் செல்வோரின் முதல் துன்பத்தை அறிவான். நீர் செவியை அழுத்தும். நெஞ்சு காற்றை வேண்டித் தவிக்கும். மேலே தெரியும் ஒளி எட்டாத் தொலைவில் நிற்பதுபோல் தோன்றும். கிணற்றில் இது விளையாட்டு. தூத்துக்குடிக்கு எதிரே விரிந்துள்ள மன்னார் வளைகுடாவிலோ, இதுவே ஈராயிரம் ஆண்டுகள் ஒரு தொழிலாக விளங்கியது. அத்தொழிலைச் செய்தவர்களைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

பாண்டியரின் கொற்கை முத்துக்குப் பெயர் பெற்ற துறைமுகம் என்பதை நாம் அறிவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் அம்முத்துக்களைக் குறிப்பிடுகிறது. குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் அந்நூல் கூறுகிறது. முத்து அணியாயிற்று, அதை எடுப்பது தண்டனையாயிற்று!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாக எழுதினார். பின்னர்ப் போர்ச்சுகீசியர் வந்தனர். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்களுக்குப்பின் ஆங்கிலேயர் ஆண்டனர். கொடிகள் மாறின, குளிப்பவரின் வேலை மாறவில்லை.

அவ்வேலைதான் யாது? கடலடியில் சிப்பிகள் பற்றி வளரும் பாறைத்தளத்திற்குப் 'பார்' என்று பெயர். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள அவ்விடத்திற்கு, கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி அவர் இறங்குவார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்காகும். மார்பில் அடக்கிய காற்று பாதியாகச் சுருங்கும். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் சேர்த்துக் கயிற்றை அசைக்க வேண்டும். தோணியில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். அவர் கண நேரம் அயர்ந்தாலும் கீழே இருப்பவர் உயிருக்கு ஆபத்து. ஆதலால் நம்பிக்கைக்குரிய உறவினரிடமே கயிற்றை ஒப்படைப்பர் என்று கடற்கரை மக்கள் சொல்வதுண்டு.

1905-ஆம் ஆண்டு இலங்கைப் பக்கத்தில் நடந்த குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இராது என்பதையும் நினைவிற்கொள்க. அந்த எட்டுக் கோடியும் யாரோ ஒருவர் மூச்சை அடக்கிக் கையால் பறித்தவை. அரசின் கணக்கில் சிப்பியின் எண்ணிக்கை உண்டு. முத்தின் விலை உண்டு. அந்த மூச்சுக்குக் கணக்கு இல்லை.

சில ஆண்டுகளிலேயே அப்பார்கள் வறண்டன. அதற்கு முன்பே, 1902-இல், ஹெர்ட்மன் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹார்னலும் பார்களை ஆராய வந்திருந்தனர். எனினும் பார் எங்கே உள்ளது, சிப்பி முதிர்ந்ததா என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தவர்கள் குளிப்பவர்களே.

1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காக்னானும், காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து நீருக்குள் சுவாசிக்கும் கருவியை உருவாக்கினர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் அத்தகைய கருவியுடன் தூத்துக்குடிக் கடலில் இறங்கிப் பாறைத்தளத்தின் உயிர்களைக் கண்டு 1960-களில் எழுதினர். இங்கே ஒரு விந்தை உண்டு. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கியே பிழைத்தார். கருவியுடன் இறங்குபவரோ மூச்சை அடக்கவே கூடாது. அடக்கி மேலெழுந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

தூத்துக்குடிக் கடலின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. 1973-இல் அந்நகரிலேயே ஆராய்ச்சியாளர்கள் வளர்ப்பு முத்தை விளைவித்தனர். 1986-இல் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் கடல்வாழ் உயிர்களுக்கான தேசியப் பூங்காவாயின. சங்கு குளிப்போர் இன்றும் அக்கடலில் இறங்குகின்றனர்.

மாணவர்களே! வரலாற்று நூலில் முத்து வணிகத்தின் சிறப்பைப் படிக்கும்போது, பக்கத்தைத் திருப்புமுன் ஒருமுறை மூச்சை அடக்கிப் பாருங்கள். எத்தனை நொடி தாங்குகிறது என்று எண்ணுங்கள். பாண்டியனின் செல்வத்தை நாம் அறிவோம். ரோமாபுரி கொடுத்த பொன்னை அறிவோம். கல்லின்மேல் காலூன்றி இறங்கியவர் பெயரை அறியோம். அவரையும் நினைத்துப் படித்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும்.