நாலணாவும் நாற்காலியும்

வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில் இருந்த ஒரு முடிதிருத்தும் நிலையத்தில்தான் சிறுவனாயிருந்த எனக்கு அரசியல் அறிமுகமாயிற்று. சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சவரத்துக்கு வந்தவர்கள் அவர்களில் இரண்டொருவரே.

கட்சிகள் மேடையில் பிறப்பதாக நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. காங்கிரஸ் வெகுகாலம் படித்தவர்களின் ஆண்டுக் கூட்டமாகவே இருந்தது. 1920-ல் நாகபுரி மகாநாடு நாலணாச் சந்தாவை வகுத்து, கிராமம் வரை கமிட்டி அமைக்கச் சொன்ன பிறகே அது ஜனங்களின் கட்சியாயிற்று. 1949 செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில் மழையிலே கூட்டம் போட்டுத் தொடங்கிய தி.மு.க., ஊர்தோறும் படிப்பகம் வைத்தது, நாடகம் போட்டது, திரைப்படத்தின் வாயிலாகவும் பேசிற்று. 1962-ல் 50 இடங்கள், 1967-ல் ஆட்சி.

அமெரிக்காவில் கழுதையையும் யானையையும் கட்சிச் சின்னங்களாக நிலைக்கச் செய்தவர் தாமஸ் நாஸ்ட் என்னும் கேலிச்சித்திரக்காரர். அங்கே அது வேடிக்கை. இங்கேயோ 1952 தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம். படிக்காதவருக்கு அதுவே கண்.

அந்தக் கடைக்கு வரும் கிழவர் ஒருவரிடம், “தாத்தா, நீங்க எந்தக் கட்சி?” என்று கேட்டேன்.

“இத்தனை நாளும் மாட்டுப் பெட்டியிலதான் போட்டேன், தம்பி. ஆனா இங்கதான் என்னையும் நாற்காலியில உக்காரச் சொன்னாக.”

அடுத்த தேர்தலில் அவர் எதற்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.