ராத்திரி விடும் ஒரு சொட்டு மருந்தின் வரலாறு



நம் குடும்பங்களில் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் பலர். ராத்திரி ஒரே ஒரு சொட்டு என்றால், அது பெரும்பாலும் லட்டானோபிராஸ்ட் அல்லது அதன் வகையைச் சேர்ந்த மருந்து. அது எப்படி வந்தது என்று இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணின் முன்பகுதிக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் தெளிந்த நீர் ஊறுகிறது. கருவிழியின் ஓரத்தில் இருக்கும் வலை போன்ற வடிகால் வழியாக அது வெளியேறுகிறது. வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு கெடும். பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வை போகும். போனது திரும்பாது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பைலோகார்பின் மருந்தை நாளுக்கு நான்கு முறை விட வேண்டும். கண்மணி சுருங்கி எல்லாம் இருண்டு தெரியும். 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிமோலால் நல்ல மருந்துதான், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

இனி லாஸ்லோ பீட்டோவுக்கு வருவோம். 1934இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1951இல் அன்றைய ஹங்கேரி அரசு அவர் குடும்பத்தை நகரத்தை விட்டு வெளியேற்றியது. பின்னர் அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கட்டாய வேலை செய்தார். 1956 புரட்சியில் கலந்துகொண்டு, அது நசுக்கப்பட்டதும் அமெரிக்காவுக்குத் தப்பினார். பார்ட் கல்லூரியில் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே கண் ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவர் கையில் எடுத்த பொருள் புரோஸ்டாகிளாண்டின். உடலே சுரக்கும் வேதிப்பொருள் இது. வீக்கம், சிவப்பு, வலி எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இது கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதுதான் அன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. அதற்குச் சோதனை ஆதாரமும் இருந்தது. மயக்க மருந்து கொடுத்த முயலின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தினார்கள், அழுத்தம் ஏறியது.

அந்தச் சோதனை பொய்யில்லை. ஆனால் அது எந்த அளவுக்கு, எந்தக் கண்ணுக்கு, எத்தனை மணி நேரத்துக்கு உண்மை? பீட்டோவின் வேலை முழுவதும் இந்தக் கேள்விதான் என்பேன்.

1977இல் அவரும் இளம் மாணவர் கார்ல் காம்ராஸும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மயக்கம் கொடுக்காத முயலின் கண்ணில் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். அதிக அளவில் விட்டால் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு பல மணி நேரம் இறங்கியே இருந்தது. குறைந்த அளவில் விட்டபோது ஏற்றமே இல்லை, இறக்கம் மட்டும்தான். 1981இல் குரங்குகளிடமும் அதே பலன் கிடைத்தது. 1984இல் பீட்டோ ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அடிபட்டால் எல்லா உயிரினங்களின் கண்ணும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, ஆகவே சோதனை விலங்கை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இயற்கைப் புரோஸ்டாகிளாண்டின் கண்ணை உறுத்தியது, சிவக்க வைத்தது. ஸ்வீடனின் உப்சாலாவில், ஃபார்மசியா நிறுவனத்தில் யோஹான் ஷெர்ன்ஷான்ட்ஸ் குழுவினர் அந்த மூலக்கூறின் வாலில் ஒரு வளையத்தைச் சேர்த்து அந்தத் தொல்லையைக் குறைத்தார்கள். 1996இல் அமெரிக்காவில் லட்டானோபிராஸ்ட் அனுமதி பெற்றது.

இது நீர் ஊறுவதைக் குறைப்பதில்லை. கண்ணுக்குள் இருக்கும் தசையின் இடுக்குகள் வழியாக இரண்டாவது வடிகால் ஒன்று உண்டு. மருந்து செல்லின் ஏற்பியில் ஒட்டியதும் சில நொதிகள் கூடுகின்றன. தசை நார்களுக்கு இடையே அடைத்திருக்கும் கொலாஜனை அவை கரைக்கின்றன, அந்தப் பாதை அகலமாகிறது. பலன் ஒரு நாள் முழுவதும் நிற்பதால்தான் ஒரே சொட்டு போதுமாகிறது. சிலருக்கு இமை முடி நீளும், விழியின் நிறம் கருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பீட்டோ ஓய்வுக்குப் பின் ஹங்கேரி திரும்பி நாவல்கள் எழுதினார். 2021இல் காலமானார்.

இதை எழுதியதற்குக் காரணம் உண்டு. "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகத் தெரிவதே மருந்தின் பலனாக இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டிய என் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறை கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பரிசோதித்தவர்கள் கீழே ஒரு வரி எழுதினால் எனக்கு மகிழ்ச்சி.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்