நாசிக்கு ஏற்ற நீர்: ஒரு பழம்பழக்கத்தின் வரலாறு

செட்டிநாட்டுச் சிற்றூர்களுள் ஆத்தங்குடியின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டதாகும். அவ்வூரில் கையால் செய்யப்படும் தரைக்கற்களே அதற்குக் காரணம். கண்ணாடிப் பலகையின்மீது அச்சை வைத்து, அதனுள் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, பின்னர் ஈரக் கலவையை இட்டு அமுக்குவர். சூளையில் சுடும் வேலை இதில் இல்லை. தொட்டி நீரில் ஊறியும் காற்றில் உலர்ந்துமே கல் உறுதி பெறுகிறது. தொழிலாளியின் நாசி ஒருபுறம் பொடியையும் மறுபுறம் நீரையும் நாள்தோறும் சந்திக்கும் தொழில் இது. சிமெண்டு காரத்தன்மை மிக்கது. அதன் தூசி நாசியின் உட்சவ்வை எரிச்சலூட்ட வல்லது. தூசியால் மூக்கடைப்புற்றவர் வீட்டிலேயே உப்புநீர் கலந்து நாசியைக் கழுவிக்கொள்ளும் வழக்கம் இன்று எங்கும் பரவி வருகிறது. எளியதும் செலவற்றதுமான இப்பழக்கத்திற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. முஸ்லிம்களாகிய நமக்கு அவ்வரலாற்றில் தனியானதொரு பங்கும், அதனால் தனியானதொரு பொறுப்பும் உள்ளன என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாசியை நீரால் தூய்மை செய்வது நமக்கு நாள்தோறும் ஐவேளையும் நிகழும் செயல். உளூவில் நாசிக்கு நீர் செலுத்துவதை 'இஸ்தின்ஷாக்' என்றும், அதனை வெளியேற்றுவதை 'இஸ்தின்ஸார்' என்றும் ஃபிக்ஹு நூல்கள் குறிப்பிடுகின்றன. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் உளூவின்போது இது சுன்னத். கடமையான குளிப்பில் ஹனஃபீ மத்ஹபு இதனை ஃபர்ளாகக் கொள்கிறது. ஹன்பலீ மத்ஹபிலோ இரண்டிலுமே இது கடமை. லகீத் இப்னு ஸபிரா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் பதிவாகியுள்ள நபிமொழியொன்று, நாசிக்கு நன்கு நீர் செலுத்துமாறு கூறிவிட்டு, நோன்பாளிக்கு மட்டும் விலக்களிக்கிறது. இவ்விலக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. நீர் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பது சூழலைப் பொறுத்து மாறும் என்னும் கருத்து அதிலேயே அடங்கியுள்ளது. இக்கருத்திற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

உளூ வழிபாட்டின் வாயில். அதனை மருத்துவமாகச் சுருக்கிவிடுவது அதன் தகுதிக்குப் பொருந்தாது. எனினும் நாசி நோய்களை ஆராய்ந்த மருத்துவ மரபும் முஸ்லிம் உலகில் செழித்திருந்தது. அபூபக்ர் அர்ராஸீ (865–925), அறிஞர் அபூஸைத் அல்பல்கீ வசந்த காலத்தில் ரோஜா மலரை முகரும்போது நீர்க்கோப்புக்கு ஆளாவது ஏன் என ஆராய்ந்து தனிச் சிறுநூலொன்றே எழுதினார். ஒவ்வாமையால் வரும் நாசியழற்சி பற்றிய தொன்மையான பதிவுகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதனைக் கருதுகின்றனர். இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' பெருநூலில் நாசியின் நோய்களுக்கும் இடமளித்தார். நாசிவழி இடும் மருந்தினை அரபு மருத்துவர் 'ஸஊத்' என்றனர். நபிமொழித் தொகுப்புகளில் ஸஊத்துக்குரியதாகக் கூறப்படும் 'இந்திய ஊத்', நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்னும் பெயரில் கிடைக்கும் வேர்தான். இமயச் சாரலில் விளையும் அவ்வேர் அரபகம் வரை சென்றது, இரு நிலங்களின் மருத்துவ உறவுக்குச் சான்றாகும்.

நம் மண்ணின் மரபுகளும் இதில் பின்தங்கியவை அல்ல. சித்த, ஆயுர்வேத முறைகள் நாசிவழி மருந்திடுவதை 'நசியம்' என்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை, உடலைத் தூய்மை செய்யும் ஆறு செயல்களுள் 'நேதி'யை வைக்கிறது. அந்நூல் கூறும் நேதி, நூலிழையை நாசியினுள் செலுத்தும் முறை. மூக்குடைய சிறு கெண்டியால் உப்புநீர் விடும் 'ஜல நேதி'யே இருபதாம் நூற்றாண்டில் யோகப் பள்ளிகளின் வாயிலாக உலகெங்கும் பரவியது.

உப்பு எதற்கு எனக் கேட்கலாம். நாசியின் உட்புறத்தில் மெல்லிய சளிப்படலமும், அதனை ஓயாது பின்னோக்கித் தள்ளும் நுண்மயிர்களும் உள்ளன. தூசியும் கிருமியும் அப்படலத்தில் ஒட்டி அகற்றப்படுகின்றன. சளி தடித்து உறைந்தால் இவ்வியக்கம் தளர்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள எலும்பறைகளின் வாயில்கள் அடைபட்டுத் தலை கனக்கிறது. உப்புநீர் சளியை இளக்கித் தூசியை அடித்துச் செல்கிறது. உப்பற்ற நீர் மூக்கினுள் ஏறினால் சுருக்கெனக் குத்துவதை அனைவரும் அறிவோம். நூற்றுக்கு 0.9 பங்கு உப்புள்ள நீர் உடல் திரவங்களுக்கு ஒத்திருப்பதால் அவ்வாறு குத்துவதில்லை.

இக்கால ஆய்வுகளும் இதன் பயனை அளவோடு ஏற்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 76 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2002-இல் வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் நூற்றுக்கு 2 பங்கு உப்புநீரால் நாசி கழுவியோருக்கு ஆறு மாதங்களில் உபாதைகள் குறைந்தன. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2007-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடும் நாட்பட்ட சைனஸ் தொல்லைக்கு இது துணைச் சிகிச்சையாகலாம் என்றது. 2016-இல் வந்த மறுமதிப்பீடோ, சான்றுகளின் தரம் இன்னும் உயரவேண்டும் என எச்சரித்தது. ஆகவே இதனை நோய் தீர்க்கும் மருந்தென்பதைவிட, உபாதை தணிக்கும் துணையென்று கொள்வதே முறை.

இதுவரை கூறியது பழக்கத்தின் ஒளிமிக்க பக்கம். மறுபக்கம் கராச்சியில் வெளிப்பட்டது. 2008–2009-இல் அந்நகரில் பதினேழு மாதங்களுக்குள் 13 பேர் மூளையைத் தாக்கும் கொடிய தொற்றுக்கு ஆளாயினர் என 2011-இல் வெளியான மருத்துவ ஆய்வு அறிவித்தது. காரணமான உயிரி 'நெக்லேரியா ஃபௌலெரி' என்னும் ஒற்றைச் செல் அமீபா. 1965-இல் ஆஸ்திரேலியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இத்தொற்று, பொதுவாக வெதுவெதுப்பான குளங்களில் நீந்துவோரையே தாக்கும். ஆனால் கராச்சியின் 13 பேருள் ஒருவரே நீந்தியவர். மற்றவர்களின் நாசிக்கு நீர் சென்ற வழி உளூவாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர் இதே தொற்றால் மாண்டனர். இருவரும் குழாய்நீரைக் கொண்டு நேதிக் கெண்டியால் நாசி கழுவியவர்கள். 2012-இல் கரீபியத் தீவான செயின்ட் தாமஸில் 47 வயது முஸ்லிம் ஒருவர் இறந்தார். உளூவுக்கு நாளும் நாசியில் நீர் செலுத்திவந்த அவரது வீட்டுக்குக் கிணற்றிலிருந்தும் மழைநீர்த் தொட்டியிலிருந்தும் சுத்திகரிக்கப்படாத நீரே வந்தது. யோகக் கெண்டியும் உளூவின் கையும் ஒரே ஆபத்தின்முன் நின்றன. இரண்டிலும் குறை பழக்கத்தில் இல்லை; நீரில்தான் இருந்தது.

இவ்வமீபா கலந்த நீரைக் குடிப்பதால் நோய் வருவதில்லை. நாசிவழி ஏறினால்தான் முகர்வு நரம்பின் தடத்தில் மூளையை அடைகிறது. தொற்றுற்றோருள் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் உயிரிழந்துள்ளனர். கடலில் இது வாழ்வதில்லை. ஆனால் நாசிக்கு இதமான சிறிதளவு உப்பு இதனைக் கொல்லும் எனக் கருதுவது தவறு. கோடிக்கணக்கானோர் நாளும் உளூச் செய்யும் உலகில் இத்தொற்று மிக அரிது என்பதும் உண்மையே. ஆயினும் அரிதான இந்நோய் நமக்கு அண்மையில் வந்துவிட்டது. 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. குளத்திலோ ஆற்றிலோ இறங்காதவர்களும் அவர்களுள் இருந்தனர். 2025 ஆகஸ்டில் அம்மாநிலம் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதைப் பேரியக்கமாகவே நடத்தியது.

இங்கே ஃபிக்ஹு மரபை நன்றியோடும் கவனத்தோடும் நோக்கவேண்டும். பெரும்பாலான சட்டநூல்கள் தூய்மைப் பாடத்தில் நீரின் வகைகளைக் கொண்டே தொடங்குகின்றன. மழைநீர், கிணற்று நீர், ஆற்று நீர், கடல்நீர் யாவும் தாமும் தூய்மையானவை, பிறவற்றையும் தூய்மையாக்குபவை. ஏறத்தாழ 200 லிட்டராகக் கணக்கிடப்படும் 'இரு குல்லத்து' அளவினை ஷாஃபிஈ அறிஞரும், பத்து முழத்திற்குப் பத்து முழம் என்னும் பரப்பினை ஹனஃபீ அறிஞரும் எல்லையாக வகுத்தனர். நம் பள்ளிவாசல் ஹவுள்களின் பரப்பு இவ்விதிகளைத் தழுவி எழுந்ததே. நிறம், சுவை, மணம் மாறாத நீர் என்னும் அளவுகோல், கண்ணும் நாவும் மூக்கும் அறியக்கூடிய அசுத்தத்திற்கு உரியது. அமீபாவோ இம்மூன்றையும் மாற்றுவதில்லை. மார்க்கச் சட்டப்படி தூய்மையான நீர், நாசியின் ஆழத்திற்கு மருத்துவப்படி பாதுகாப்பானதாக இல்லாதிருக்கலாம். இவ்விரு கேள்விகளையும் ஒன்றாக்கிக் குழப்புவதே ஆபத்தின் தொடக்கம்.

செட்டிநாட்டு வறண்ட நிலத்தார் மழைநீரைப் போற்றியவர்கள். கூரையில் விழும் மழையை முற்றத்தில் பிடித்து அண்டாக்களில் சேர்த்தனர், ஊருணியைக் காத்தனர். தமிழகமெங்கும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. இவை போற்றத்தக்கவை. ஆனால் தேங்கிய நீர் நம் கோடையில் சூடேறும். அச்சூடே இவ்வமீபாவுக்கு உகந்தது. தொட்டியைக் காலந்தோறும் கழுவுவதும், ஹவுளிலும் மேல்நிலைத் தொட்டியிலும் குளோரின் அளவைப் பேணுவதும் பள்ளிவாசல் நிர்வாகங்களின் கடமையாகின்றன.

மூக்கடைப்புக்காக நாசி கழுவ விரும்புவோர், நீரை நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துக. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் தூய உப்பு போதுமானது. கால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய அமையும். ஒரு சிட்டிகை சமையல் சோடா எரிச்சலைத் தணிக்கும். வெதுவெதுப்பான அந்நீரைத் தலை சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி, ஒரு நாசியில் விட்டு மறு நாசிவழி வெளியேற்றவேண்டும். கெண்டியைக் கழுவி உலரவைத்தல் இன்றியமையாதது. மிஞ்சிய நீரை மறுநாளுக்கு வைத்தல் ஆகாது. காது வலி, மூக்கில் இரத்தக்கசிவு, அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின்னரே செய்க. கழுவிய சில நாள்களில் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றினால், காலம் தாழ்த்தாது மருத்துவமனை சென்று, நாசி கழுவியதையும் கூறவேண்டும்.

உளூவைப் பொறுத்தவரை, நீரின் பாதுகாப்பில் ஐயமுள்ள இடத்தில் நாசியின் முன்பகுதி நனையுமளவு மெல்ல நீர் எடுப்பது போதாதா? நோன்பின் பொருட்டே ஆழத்தைக் குறைக்கச் சொன்ன மார்க்கம், உயிரின் பொருட்டு அதனைக் குறைப்பதைத் தடுக்குமா? தீங்கைத் தவிர்த்தல் சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றல்லவா? இதனை நம் உலமாப் பெருமக்கள் ஆராய்ந்து, ஜும்ஆ மேடைகளில் மக்களுக்கு எளிய மொழியில் எடுத்துரைப்பின் சமுதாயம் பயன்பெறும்.

ஆத்தங்குடிக் கல்லின் தரம் அதன்மேல் ஊற்றிய வண்ணத்தால் மட்டும் அமைவதில்லை. அது ஊறிய நீராலும் அமைகிறது. நாசி கழுவும் பழக்கத்தின் வரலாற்றிலும் உப்புக்கும் கெண்டிக்கும் கிடைத்த புகழ் நீருக்குக் கிடைக்கவில்லை. சட்டநூல்களை நீரின் பாடத்தோடு தொடங்கிய முன்னோரின் வழியில், நாமும் முதலில் நீரையே நோக்குவோமாக.