பெயரில் தங்கிய இசை: றொசல்ல வட்டாரத் தோட்டங்களும் ஸ்கொட்லாந்துப் பைக்குழலும்

வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில் இடையே வரும் சிறிய நிலையம் றொசல்ல. 1884இல் ரயில் ஹட்டனைத் தொட்டபோது, இலைநோயில் அழிந்த கோப்பிக்குப் பதிலாக இம்மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. இவ்வட்டாரத் தோட்டங்களில் இரண்டின் பெயர் லொனெக், ஸ்ரெதன். நம் நாவில் இப்படித் தேய்ந்த பெயர்களின் மூலம் லோனாக், ஸ்ட்ராத்டொன். ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் டொன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்டொன். அங்குள்ள ஒரு குன்று லோனாக். அங்கே ஒன்றாயிருக்கும் இரு பெயர்கள் இங்கேயும் ஒரே வட்டாரத்தில் அமைந்தது தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. அப்பள்ளத்தாக்கை அறிந்த யாரோதான் இவற்றைச் சூட்டியிருக்க வேண்டும்.

லோனாக் என்பது வெறும் குன்றல்ல. 1823இல் அங்கே ஒரு ஹைலண்ட் சங்கம் அமைந்தது. 1836 முதல் அதன் ஆண்டுக் கூடல் நடக்கிறது. ஓகஸ்ட் மாத இறுதியில் கட்டமிட்ட கம்பளிப் பாவாடை உடுத்திய ஆண்கள் ஈட்டியும் நெடுங்கோடரியும் தோளில் தாங்கி, பைக்குழல் முன்னே முழங்க, பள்ளத்தாக்கு நெடுக நடக்கிறார்கள். வழியில் வீட்டு வாசல்களில் நின்று விஸ்கி வாங்கிக் குடித்து மேலே செல்கிறார்கள். காமன் கூத்துக் காலத்தில் தப்பு முன்னே முழங்க ரதியும் மன்மதனும் லயம் லயமாக வாசலில் நின்று ஆடிச் செல்வதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென்று நான் சொல்லவில்லை. இரண்டும் அருகருகே வாழ வாய்ப்பிருந்தும் ஏன் தொட்டுக்கொள்ளவில்லை என்பதே என் கேள்வி.

இன்னும் இரண்டு பெயர்களைப் பார்ப்போம். டிக்கோயாவில் டன்கெல்ட் தோட்டம் உண்டு. மூல டன்கெல்ட் பெர்த்ஷயரில் இருக்கிறது. 1727இல் பிறந்த ஸ்கொட்லாந்தின் பெரும் வயலின் கலைஞர் நீல் கௌ அதன் அருகிலுள்ள இன்வரில்தான் வாழ்ந்தார். மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டம் உண்டு. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரான இதுவே ஓர் ஆட்டத்தின் பெயரும்கூட. நான்கு அடி கொண்ட இசைக்கு ஆடும் ஆட்டம் அது. ரீல் எனும் விரைவாட்டத்தைவிட நிதானமானது. தட்டைச் சமமாகப் பிளக்காமல் ஒரு துண்டைக் குறிலாகவும் அடுத்ததை நெடிலாகவும் வெட்டி வாசிப்பதே அதன் உயிர். கௌவின் புகழில் பெரும்பங்கு இவ்வகை மெட்டுகளால் வந்தது. ஓர் ஆட்டத்தின் பெயரைத் தாங்கிய மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியாது.

பைக்குழலின் அமைப்பு நமக்கு விளங்காத ஒன்றல்ல. ஆட்டுத் தோல் பையில் வாயால் காற்றை நிரப்பி, கக்கத்தில் இடுக்கி அழுத்துவார்கள். விரல் வைத்து ஒன்பது சுரம் வாசிக்க ஒரு குழல். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் இடைவிடாது ஆதார சுருதியை ஒலிக்கும். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் செய்யும் வேலையை இங்கே ஒரே ஆளின் கக்கம் செய்கிறது. தென்னிந்தியாவிலேயே தோற்பையால் சுருதி கூட்டும் கருவி இருந்தது; தெலுங்கில் அதற்குத் தித்தி என்று பெயர். சி. ஆர். டே 1891இல் வெளியிட்ட தென்னிந்திய இசைக்கருவிகள் பற்றிய நூலில் அதை விவரித்திருக்கிறார்.

ஸ்கொட்லாந்தில் இக்கருவி குலத்தொழிலாக வளர்ந்தது. ஸ்கை தீவில் மக்லியோட் குலத்தலைவர்களுக்கு மக்ரிமன் குடும்பத்தார் பரம்பரைப் பைப்பர்கள். அவர்கள் எழுத்தில் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் அலங்காரத்துக்கும் ஓர் அசையை வைத்து, பிப்ரொக் எனும் நீண்ட உருப்படிகளை வாயால் பாடியே மாணவருக்கு ஏற்றினார்கள். நம் தவில் ஆசான் சொற்கட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. 1746இல் கலோடன் போரில் குலத்தலைவர்களின் படை முறிந்தபின் அந்த ஆதரவு சரிந்தது. பைக்குழலுக்குப் புதிய புரவலராக வந்தது பிரித்தானிய இராணுவம். 1854இல் ஹைலண்ட் படைப்பிரிவு ஒன்றுக்கு ஒரு பைப் மேஜரும் ஐந்து பைப்பர்களும் என்று அதிகாரபூர்வமாக அனுமதித்தார்கள். பக்க முரசும் பெருமுரசும் சேர்ந்து இன்று உலகம் அறிந்த பைப் பேண்ட் உருவானது இராணுவ முகாமில்தான். வாள்களைக் குறுக்காகத் தரையில் இட்டு அவற்றைத் தொடாமல் ஆடும் வாளாட்டத்தையும் ஹைலண்ட் ஃபிளிங் ஆட்டத்தையும் படைவீரர்கள் கட்டிக்காத்தார்கள். ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையில் நின்று ஆடும் நாட்டார் நடனத்துக்கோ 1923இல் கிளாஸ்கோவில் ஒரு சங்கம் பிறந்தபின்தான் முறையான பாதுகாப்புக் கிடைத்தது.

தேயிலைக்கு முன்பே ஸ்கொட்லாந்துப் படை இலங்கைக்கு வந்துவிட்டது. 78ஆம் ஹைலண்டர் படை 1826 முதல் 1837 வரை இங்கிருந்தது. திரும்பும்போது வாத்தியக் குழுவுக்கு முன்னே நடக்கப் பழக்கிய ஒரு யானையையும் எடின்பரோவுக்குக் கொண்டுபோனது. படைக்குப் பின் துரைமார் வந்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் அபர்டீனுக்குத் தெற்கே ஓகன்பிளேக்கு அருகே பிறந்தவர். இவர்களுடைய இசை பங்களாவின் பியானோவிலும், டறாவெல கிளப், 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப் போன்ற இடங்களின் மரத்தளத்திலும் நின்றது. நவம்பர் 30 புனித அந்திரேயர் நாள் விருந்தும் அவர்களுக்குள்ளேயே முடிந்தது. பரிமாறியவர் தமிழர், ஆடியவர் அல்லர்.

இனி வட இந்தியாவைப் பாருங்கள். 1887இல் உருவான கர்வால் படை லான்ஸ்டவுனில் நிலைகொண்டது. அதில் மலைக் கிராமத்து இளைஞர்கள் வீரர்களானார்கள். அவர்களில் சிலர் பைக்குழல் கற்றார்கள். ஓய்வு பெற்றபோது அந்த வித்தையுடன் ஊர் திரும்பினார்கள். இன்று உத்தராகண்டில் மசக்பீன் என்ற பெயரில் அது கல்யாண வாத்தியம். குமாவுன் பகுதியின் சோலியா வாளாட்டத்துக்கும் அதுவே துணை. பாகிஸ்தானின் சியால்கோட்டில் பைக்குழலைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள்.

மலையகத்தில் ஏன் இது நடக்கவில்லை? காதில் விழுந்தால் மட்டும் ஒரு கருவி பரவாது. அதைக் கையில் கொடுத்துக் கற்பிக்க வேண்டும். கர்வாலியின் கையில் இராணுவம் பைக்குழலைக் கொடுத்தது, தன் தேவைக்காகவேனும். தோட்டத் தமிழர் கையில் கொடுத்தது கவ்வாத்துக் கத்தியும் கூடையும்தான். 1900இல் உருவான சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ் முழுக்க ஐரோப்பியர் படை. துரைமார் சிப்பாய் வேடம் பூண்டபோதும் தொழிலாளி வெளியேதான் நின்றார். பரேட் என்ற இராணுவச் சொல் மட்டும் நம்மிடம் வந்தது. அது பிரட்டு ஆகி, விடியலில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் இடத்தின் பெயரானது.

அந்தப் பிரட்டுக்கு மக்களை எழுப்பியது பைக்குழல் அல்ல, தப்பு. இருட்டோடு லயத்து முனையில் தப்படிப்பவர் வைக்கோலோ சருகோ கொளுத்தி, தோலை அதன்மேல் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றுவார். சுண்டிப் பார்ப்பார்; மந்தமாக ஒலித்தால் மறுபடி தீ. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நாடு. தோலுக்கு ஈரமே பகை. பிறகு இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. வேலைக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு வேறோர் அடி. வேலைக்கு விரட்டும் கருவியாகத் தோட்ட நிர்வாகம் பயன்படுத்திய அதே தப்பை, மாசி மாதத்தில் மன்மதனை எரித்து எழுப்பும் கருவியாக மக்கள் மீட்டுக்கொண்டார்கள். மலையக இசை வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வை நான் அறியேன்.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களின் சொற்களைத் தொகுத்துக் காத்தார். தப்பின் அடிகளுக்கும் அப்படி ஒரு தொகுப்பு தேவை. ஸ்கொட்லாந்தில் பரம்பரைப் பைப்பர் மரபு தளர்ந்துகொண்டிருந்த 1797இல், கொலின் கெம்பல் என்பவர் வாய்வழி அசைகளை ஏட்டில் எழுதி வைத்தார். இன்றைய பைப்பர்கள் பழைய பிப்ரொக்கைத் தேடிப் போகும் மூல ஏடுகளில் அதுவும் ஒன்று. தப்புக் கலைஞர்களுக்கு நாம் அந்த மரியாதையைச் செய்யவில்லை. தப்போடு ஒட்டவைத்த சாதி இழிவே அவர்களின் பிள்ளைகளை அதிலிருந்து விலக்கியது, பழி அவர்களுடையதல்ல.

றொசல்லவிலோ லொனெக்கிலோ ஸ்ரெதனிலோ உங்கள் லயத்தில் தப்படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தால், அடுத்த காமன் கூத்துக்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். ஒவ்வோர் அடியையும் முதலில் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு தப்பில் அடிக்கச் சொல்லுங்கள். எந்த அடி எந்தக் காரியத்துக்கு, யாரிடம் கற்றார் என்று கேட்டு, அவர் பெயரோடு எழுதி வையுங்கள்.