சுழலும் தட்டும் காத்திருக்கும் கணினியும்



கணினியின் பொத்தானை அழுத்தியதும் அது உடனே வேலைக்கு வந்துவிடுவதில்லை. சற்று நேரம் முனகுகிறது. பிறகே திரை தெளிகிறது. அந்தக் காத்திருப்புக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அதை இன்று பார்ப்போம்.

கணினி தான் செய்ய வேண்டியவற்றை எல்லாம் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. எழும்போது அவற்றைப் படித்தாக வேண்டும். முதல் வன்தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். அவற்றில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். 1980இல் அமெரிக்காவின் சீகேட் நிறுவனம் ஏறத்தாழ அதே அளவை மேசைக் கணினிக்குள் பொருந்தும் சிறு பெட்டியில் அடக்கிவிட்டது.

1982இல் சீகேட் சிங்கப்பூரில் தொழிற்சாலை தொடங்கியது. வேறு பல நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1980களின் பிற்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாக வன்தட்டு செய்த இடம் சிங்கப்பூர்தான். துளித் தூசும் ஆகாத அறைகளில், தலை முதல் கால் வரை மூடிய உடையில் தொழிலாளர் வேலை செய்தார்கள். ஜொகூரிலிருந்து கடற்பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்வந்த ஆயிரக்கணக்கானோரை நாம் அறிவோம். சிராங்கூன் சாலைக்கு அருகிலேயே, ரோச்சோர் பக்கத்தில், 1987இல் சிம் லிம் சதுக்கம் எழுந்தது. கணினிப் பொருள்களுக்கு அது பேர்பெற்ற சந்தையாயிற்று.

அக்காலத் தட்டு நொடிக்கு 60 முறை சுழன்றது. ஒவ்வொரு வட்டத் தடமும் பெரும்பாலும் 17 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதல் கூறைப் படித்து விழுங்கக் கணினிக்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் இரண்டாம் கூறு நழுவிவிடும். திருவிழா ராட்டினத்தில் நம் இருக்கையைத் தவறவிட்டால், அது மறுபடி வரும்வரை நிற்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். இப்படி ஒரு தடத்தைப் படிக்க ஏறக்குறைய 17 சுற்றுகள் வீணாகும்.

இதற்கு என்ன செய்தார்கள்? கூறுகளின் எண்களை அடுத்தடுத்து எழுதாமல், இடையில் இடம்விட்டு எழுதினார்கள். கணினி விழுங்கி முடிக்கும் வேளையில் அடுத்த கூறு சரியாக வந்து நிற்கும். இடைவெளி பொருத்தமாக இருந்தால் 17 சுற்று வேலை 3 சுற்றில் முடியும். தட்டு மாறவில்லை, கணினியும் மாறவில்லை. அமைப்பு ஒன்றுதான் மாறியது. ஆனால், மாற்றுவதற்குத் தட்டைப் புதிதாக வகுக்க வேண்டும். பொதுவாக அதிலுள்ளவை எல்லாம் அழிந்துபோகும். ஆகவே முதலில் படியெடுத்து வைப்பதே அறிவுடைமை.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வேறொரு சிக்கல் இருந்தது. தட்டிலிருந்து வரும் செய்தியில் ஆறு முறைக்கு மேல் பிழை கண்டால், அதன் டிரைவர் மென்பொருள் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடும். கடைசியில், செய்தி முழுவதையும் கணினியின் மூளையே சுமக்க நேரும். தோட்டத்துக் கிராணி கணக்கெழுதுவதை விட்டுவிட்டு, பால் வாளிகளைத் தாமே சுமந்தால் எப்படி இருக்கும்! பலர் இதை அறியாமல், கணினிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கினார்கள். அந்த டிரைவரை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், அது தட்டைப் புதிதாக அடையாளம் கண்டு பழைய வேகத்துக்குத் திரும்பும். மறுபடியும் வேகம் குறைந்தால், கம்பியிலோ தட்டிலோ பழுது இருக்கக்கூடும் என்று பொருள்.

இன்றைய கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டே இல்லை. அசையாத சில்லுகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆங் மோ கியோவிலிருந்த வன்தட்டுத் தொழிற்சாலையை மூடப்போவதாக சீகேட் 2009இல் அறிவித்தது. ஏறத்தாழ 2,000 பேரின் வேலை அதோடு போயிற்று.

நேயர்களே, கூலியில் மிச்சம்பிடித்துப் பிள்ளைகளுக்குப் பழைய கணினி வாங்கித் தரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அது மெல்ல எழுந்தால் உடனே குப்பையில் சேர்க்க வேண்டாம். முக்கியமானவற்றை முதலில் படியெடுங்கள். பிறகு அமைப்பைச் சோதியுங்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் நடைக்கு ஒருவர் இசைந்தால், இருக்கும் பொருளே இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.